புல்லாங்குழலும் உலோகக் கருவிதான்: பேபிமெட்டல் மெட்டலா?

1989 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கிராமி விருது விழாவில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 'ஹார்ட் ராக் / மெட்டல்' என்று, இடிபோல் முழங்கும் ராக் இசைக்கான பிரிவை அந்த ஆண்டுதான் முதன்முறையாகச் சேர்த்திருந்தார்கள். அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா மேடையேறி வாசித்தும் காட்டியிருந்ததால் விருது அவர்களுக்குத்தான் என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள். உறையைப் பிரித்ததும் வந்த பெயர் ஜெத்ரோ டல். ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதும் இயன் ஆண்டர்சனின் பிரிட்டிஷ் குழு அது. அரங்கில் சிரிப்பும் கூச்சலும் கலந்து எழுந்தன. விருதைப் பெற்றுக்கொள்ளக்கூட அங்கே யாரும் இல்லை. எப்படியும் கிடைக்காது என்று நம்பி அந்தக் குழுவினர் விழாவுக்கே வரவில்லை.

பிறகு அவர்களது இசைத்தட்டு நிறுவனம் ஒரு விளம்பரம் கொடுத்தது: புல்லாங்குழலும் கனமான உலோகக் கருவிதான் என்று. 'ஹெவி மெட்டல்' என்ற பெயரின் நேர்ப்பொருளை வைத்து விளையாடிய குறும்பு. மேற்கத்தியப் புல்லாங்குழல் உலோகத்தால் ஆனது என்பதால் அதை மறுக்கவும் முடியாது. மறு ஆண்டே கிராமி அமைப்பு அந்தப் பிரிவை இரண்டாக உடைத்தது. மெட்டலுக்கான விருது மெட்டாலிகாவுக்குப் போனது. 1992இல் மறுபடி விருது வாங்கியபோது டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக், இந்த ஆண்டு ஆல்பம் வெளியிடாமல் இருந்ததற்காக ஜெத்ரோ டல்லுக்கு நன்றி சொன்னார்.

மெட்டல் ரசிகர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். விருதுக் குழுவுக்கு மெட்டல் எது என்று தெரியவில்லை என்பது உண்மைதான். தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று போனால் அங்கேயும் ஒத்த பதில் கிடைப்பதில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் அவர்களை அதிகம் சண்டையிட வைத்த பெயர்களில் ஒன்று ஜப்பானின் பேபிமெட்டல். மூன்று சிறுமிகள் சிவப்பும் கறுப்புமான குட்டைப் பாவாடை அணிந்து ஆடிப் பாட, பின்னால் வெள்ளை அங்கியும் வெள்ளை முகப்பூச்சுமாக நால்வர் இடி முழக்குவார்கள். இது மெட்டலா, மெட்டல் வேடமிட்ட பாப் இசையா?

முதலில் இவர்கள் வந்த வழி. ஜப்பானில் 'ஐடல்' என்பது தனித் தொழில். சிறுவயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஆடவும் பாடவும் பயிற்றுவித்து, ரசிகர்கள் கண்ணெதிரே வளரவிடும் நிறுவனங்கள் அங்கே உண்டு. அம்யூஸ் என்ற நிறுவனம் 'சகுரா காகுயின்' என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் போலவே அமைத்த குழுவை நடத்தியது. நடுநிலைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் குழுவிலிருந்தும் 'பட்டம்' பெற்று வெளியேற வேண்டும். பள்ளி என்றால் மன்றங்களும் வேண்டுமே. அப்படி 2010இல் தோன்றிய 'கன இசை மன்றம்'தான் பேபிமெட்டல். சுசுகா நகமோட்டோ, யுய் மிசுனோ, மோவா கிகுச்சி என்ற மூவருக்கும் அப்போது வயது பன்னிரண்டு, பதினொன்று, பதினொன்று. அதுவரை மெட்டல் என்றால் என்னவென்றே மூவருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான்: கோபாமெட்டல் என்று தன்னை அழைத்துக்கொண்ட தயாரிப்பாளர். தீவிர மெட்டல் பித்தர்.

ஆரம்ப மேடைகளில் எலும்புக்கூடு உடை அணிந்த சிலர் வாசிப்பதுபோல் நடித்தார்கள்; இசை ஒலிநாடாவிலிருந்து வந்தது. 2012இன் பிற்பகுதியில்தான் உண்மையாகவே வாசிக்கும் 'காமி' குழு பின்னால் வந்து நின்றது. காமி என்றால் ஜப்பானிய மொழியில் தெய்வம். இந்த மாற்றத்தைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கதையின் திருப்பம் இங்கேதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2014 பிப்ரவரியில் முதல் ஆல்பமும் 'கிம்மி சாக்லெட்' பாடலின் காணொளியும் வெளிவந்தன. சாக்லெட் வேண்டும், ஆனால் உடல் எடையை நினைத்தால் கவலையாக இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை தவிப்பதுதான் பாட்டு. அதற்கு இசையமைத்தவர் 'மேட் கேப்சூல் மார்க்கெட்ஸ்' குழுவின் தகேஷி உவேடா. அடியில் ஓடும் கிதாரோ காதைக் கிழிக்கும் வேகம். அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் சோனிஸ்ஃபியர் விழா. ஐயன் மெய்டன், மெட்டாலிகா போன்றவர்கள் தலைமை தாங்கிய அந்த விழாவில் பேபிமெட்டலுக்கு முதலில் சிறிய மேடையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஆர்வம் பெருகியதால் பெரிய மேடைக்கு மாற்றினார்கள். பிரிட்டிஷ் ராக் கூட்டம் சும்மா இருக்காது. 2000இல் ரெடிங் விழாவுக்கு வந்த டாஃப்னி அண்ட் செலஸ்ட் என்ற பாப் ஜோடியையும் 2004இல் ராப் பாடகர் 50 சென்ட்டையும் பாட்டில் வீசியே விரட்டிய ஊர் அது. பதினாறும் பதினைந்தும் வயதான மூன்று பெண்கள் அத்தகைய கூட்டத்தின் முன் பாடி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அன்றிலிருந்து வாக்குவாதம் ஓயவில்லை. எதிர்ப்போர் சொல்வது கலவையான பேச்சு: நிறுவனம் செய்த பொம்மைகள், பாட்டு எழுதுவதில்லை, கருவி வாசிப்பதில்லை, பல்லவி முழுக்க ஜப்பானியப் பாப், பொருளோ சாக்லெட். ஆதரிப்போர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: கிதாரைக் கேளுங்கள். இரு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒரு தரப்பு ஒலியைப் பேசுகிறது, இன்னொன்று பிறப்பைப் பேசுகிறது. சாதிச் சான்றிதழைப் பற்றிய சண்டையில் சமையலின் ருசியைச் சாட்சிக்கு அழைப்பது போல.

ஒலியை எடுத்துக்கொள்வோம். மெட்டல் பர்மிங்ஹாமின் தொழிற்சாலைப் புகையில் பிறந்தது என்று சொல்வதில் மிகை குறைவு. டோனி ஐயோமி என்ற பதினேழு வயது இளைஞர் உலோகத் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த கடைசி நாளன்று அவரது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ள கிதார் கலைஞர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்தொப்பி செய்து மாட்டிக்கொண்டார்; மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னாளில் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த, அவரது குழுவான பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களின் கிதார் வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் தாழ்ந்து ஒலிக்கிறது. வலியைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, ஓர் இசை வகையின் இலக்கணமாகிவிட்டது.

அந்த இலக்கணத்தின் மையம் 'ரிஃப்'. திரும்பத் திரும்ப வரும் சிறிய கிதார் சொற்றொடர் என்று விளக்கலாம், ஆனால் அது போதாது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லலாம்: ஆரோகணமும் அவரோகணமும் மட்டும் ஒரு ராகத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை, இரண்டு மூன்று சுரங்களில் வந்து விழும் பிடி காட்டிக்கொடுக்கும். அந்தப் பிடி வந்ததும் சபையில் தலைகள் ஆடும். மெட்டலில் ரிஃப் செய்யும் வேலை அதுதான். தாழ்ந்த சுருதி, தந்தியை உள்ளங்கையால் அடக்கி எழுப்பும் அதிர்வு, அதைத் தொட்டபடியே ஓடும் இரட்டைக் கால் டிரம்ஸ். இது இருந்தால் காது உடனே ஒப்புக்கொள்ளும்.

மெட்டல் முதல் நாளிலிருந்தே கலப்பினம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சபாத்தின் அடித்தளம் ப்ளூஸ். பில் வார்டின் டிரம்ஸில் ஜாஸ் கேட்கும். 1991இல் ஆன்த்ராக்ஸ் என்ற மெட்டல் குழு, ராப் குழுவான பப்ளிக் எனிமியோடு சேர்ந்து ராப் செய்தது. ஆகவே 'கலந்துவிட்டார்கள்' என்பது குற்றச்சாட்டே ஆகாது. கலந்ததில் எது மேலே நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு சோதனை. 'கிம்மி சாக்லெட்' பாடலிலிருந்து மூன்று பெண்களின் குரலை மனதிற்குள் அழித்துவிடுங்கள். மிஞ்சுவதை எந்த மெட்டல் ரசிகரிடம் கொடுத்தாலும் சந்தேகமின்றி மெட்டல் என்பார். அப்படியானால் தகராறு முழுவதும் குரலில்தான் இருக்கிறது. ஆனால் மெட்டலில் ஆரம்பம் முதலே கட்டற்றுக் கிடப்பது குரல்தான். ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்ட் கண்ணாடி உடையும் உச்சத்தில் பாடுவார். டெத் மெட்டல் பாடகர்கள் வயிற்றிலிருந்து உறுமுவார்கள். ஒபேரா பாடகிகளும் வந்தார்கள், அவர்களுக்கும் இடம் கிடைத்தது. இத்தனையும் மெட்டல் என்றால், ஒரு சிறுமியின் தெளிந்த உரத்த குரலுக்கு மட்டும் என்ன தடை? சுசுகாவின் குரல் அசைவு குறைந்த, நேராகப் பாயும் குரல். இரைச்சலுக்கு நடுவே அது கம்பிபோல் நிற்கிறது. என் காதுக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

அதற்காக அவர்கள் பாடியது எல்லாமே மெட்டல் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் பாடலான 'டோகி டோகி மார்னிங்'கில் கிதார் வெறும் அலங்காரம். மாவின் மேல் தூவிய மிளகுபோல. 'இஜிமே, டாமே, ஜெத்தாய்' என்ற பாடலைக் கேட்டால் நிலைமை வேறு. பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை எதிர்க்கும் அந்தப் பாடல் எக்ஸ் ஜப்பான் குழுவின் வேகப் பாடல்களின் நேர் வாரிசு. 2016இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் 'டேல்ஸ் ஆஃப் தி டெஸ்டினீஸ்' என்று ஒன்று உண்டு. தாளக்கட்டு மாறிக்கொண்டே போகும் அதைக் கேட்டு இது பாப் என்று சொல்பவருக்குப் பொறுமை அதிகம். அதே ஆல்பத்தின் 'ரோட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' பாடலில் டிராகன்ஃபோர்ஸ் குழுவின் ஹெர்மன் லீயும் சாம் டாட்மனும் பங்கேற்றார்கள். 2019இன் 'மெட்டல் கேலக்ஸி' மீண்டும் தளர்ந்தது. அதன் நடன மெட்டுகள் சிலவற்றை, இந்தியச் சாயலோடு வரும் 'சாந்தி சாந்தி சாந்தி' உட்பட, நான் மெட்டல் கணக்கில் சேர்க்க மாட்டேன். குழுவுக்கு முத்திரை குத்துவதைவிடப் பாட்டுக்குப் பாட்டு தீர்ப்புச் சொல்வது நேர்மையானது. சலிப்பூட்டும் பதில்தான், ஆனாலும் சரியானது.

அடுத்தது பிறப்பு. தானே எழுதி, தானே வாசித்து, தெருவிலிருந்து எழுந்து வருபவனே மெட்டல்காரன் என்ற நம்பிக்கை வலுவானது. ஆனால் அதன் வரலாறு அவ்வளவு சுத்தமில்லை. பிளாக் சபாத் தனியாக வெளியிட்ட முதல் பாடலே க்ரோ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. ஜூடாஸ் ப்ரீஸ்ட், ஜோன் பயஸின் நாட்டார் சாயல் பாடல் ஒன்றையும் ஃப்ளீட்வுட் மேக்கின் பாடல் ஒன்றையும் எடுத்துத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. அதைவிடச் சுவையான செய்தி: 1988இல் அதே ஜூடாஸ் ப்ரீஸ்ட், பாப் பாடகி கைலி மினோக்கின் வெற்றிப் பாடல்களைச் செய்து கொடுத்த ஸ்டாக்-எய்ட்கென்-வாட்டர்மன் கூட்டணியோடு பாரிஸில் மூன்று பாடல்களைப் பதிவு செய்தது. பிறகு தைரியம் வராமல் அந்தப் பாடல்களை ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். பாப் தொழிற்சாலையின் படிக்கட்டில் மெட்டலின் தோல் உடுப்புத் தெய்வங்களே ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

பேபிமெட்டல் பெண்கள் எதையுமே எழுதியதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. 'நான்கின் பாட்டு' யுய்யும் மோவாவும் சேர்ந்து ஆக்கியது. ஜப்பானிய மொழியில் நான்கு என்பதும் சாவு என்பதும் ஒரே ஒலி. அதை வைத்துச் சிறுபிள்ளைத்தனமாக விளையாடி, நடுவில் திடீரென்று ரெகே தாளத்துக்குத் தாவும் அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும்.

பிறப்பைப் பற்றிய எதிர்ப்பில் என்னால் ஒதுக்க முடியாத ஒன்று உண்டு. பதினோரு வயதுப் பிள்ளைகள் தாங்கள் தேர்ந்தெடுக்காத இசையைப் பெரியவர்களின் திட்டப்படி பாடினார்கள். 2017 டிசம்பரிலிருந்து யுய் மேடையில் காணப்படவில்லை. 2018இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அவர் எங்கே என்று தெரியாமல் நின்றார்கள். விலகல் அறிவிப்பு வந்தது அக்டோபரில். ஐடல் தொழிலின் அந்த இறுகிய மௌனம் எனக்கு உவப்பானதல்ல. ஆயினும் அது தொழில் நடத்தும் முறையின் மீதான குற்றச்சாட்டு. கிதாரின் மீது அதைச் சுமத்துவது வழக்கை மாற்றிப் போடுவதாகும்.

மெட்டல் ரசிகர்கள் ஏன் வாசலில் இவ்வளவு கடுமையாகக் காவல் நிற்கிறார்கள்? சும்மா வந்த பழக்கமல்ல. 1985இல் அமெரிக்க அரசியல்வாதிகளின் மனைவியர் தொடங்கிய பிஎம்ஆர்சி அமைப்பு ஆபத்தானவை என்று பதினைந்து பாடல்களைப் பட்டியலிட்டது. சபாத்தும் ப்ரீஸ்ட்டும் அதில் இருந்தார்கள். செனட் விசாரணை வரை போனது. 1990இல் ரெனோ நகரில் இரண்டு இளைஞர்களின் தற்கொலைக்கு ஒரு பாடலில் மறைந்திருந்த கட்டளையே காரணம் என்று ஜூடாஸ் ப்ரீஸ்ட் மீது வழக்கு நடந்தது. நீதிபதி குழுவை விடுவித்தார். வழக்குக்கு உள்ளான பாடல் ஸ்பூக்கி டூத் என்ற வேறொரு குழுவுடையது என்பது தனிக் கதை. இப்படி ஊரே கல்லெறிந்தபோது கூட நின்றவர்கள், பின்னால் வந்து பெயரை மட்டும் எடுத்து அணிந்துகொள்பவர்களைக் கண்டு சீறுவது புரிகிறது. எண்பதுகளின் ஒப்பனைக் குழுக்கள் மீதும் தொண்ணூறுகளில் ராப் கலந்து வந்த நு-மெட்டல் மீதும் இதே சீற்றம் பாய்ந்தது. இணையத்தின் பெரிய மெட்டல் களஞ்சியத்தில் நு-மெட்டல் குழுக்கள் பலவற்றுக்கு இன்றும் இடமில்லை.

சீற்றத்தில் ஒரு பங்கு நிறத்தின் மீதும் பாய்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் டெஃப்ஹெவன் குழு 2013இல் வெளியிட்ட ஆல்பத்தின் அட்டை முழு இளஞ்சிவப்பு. உள்ளே பிளாக் மெட்டலின் அலறலும் மிதக்கும் கிதாரும் இருந்தன. ஆனால் அட்டையையும் உறுப்பினர்களின் சாதாரணச் சட்டையையும் முடிவெட்டையும் பற்றிப் பேசியவர்கள் பலர். பேபிமெட்டலில் அதோடு பாவாடையும் இரட்டைச் சடையும் சேர்ந்தன. மண்டையோட்டை மார்பில் பச்சை குத்தியவரை இரட்டைச் சடை அச்சுறுத்துகிறது என்றால், அச்சம் எந்தப் பக்கம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

இசைக்கலைஞர்கள் இதில் ரசிகர்களைவிட இலகுவானவர்கள். 2016 ஜூலையில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகர மேடையில் ராப் ஹால்ஃபோர்ட் பேபிமெட்டலோடு சேர்ந்து தன் குழுவின் பாடல்களைப் பாடினார். மறு ஆண்டு ஜனவரியில் சியோலில் மெட்டாலிகாவின் கச்சேரிக்குத் தொடக்கக் குழுவாக பேபிமெட்டல் வாசித்தது. இப்போது நான் முன்பே சொல்லிவைத்த திருப்பத்துக்கு வருகிறேன். ஒலிநாடா போய் காமி குழு வந்த நாளில் பேபிமெட்டலின் எடை மாறியது. ஆறு தந்தி பேஸ் வாசிக்கும் போ, டிரம்ஸில் ஹிதேகி அவோயாமா, கிதாரில் தகயோஷி ஓமுரா, மிகியோ ஃபுஜியோகா என்று முன்னணிக் கலைஞர்கள் ஒவ்வோர் இரவும் தவறு செய்யும் அபாயத்தோடு நேரில் வாசித்தார்கள். ஒரு விபத்தில் உயரத்திலிருந்து விழுந்த ஃபுஜியோகா 2018 ஜனவரியில் இறந்தபோது உலகெங்கும் மெட்டல் கிதார் கலைஞர்கள் துக்கம் தெரிவித்தார்கள். பொம்மைக் குழுவின் பின்னணி வாசிப்பாளருக்கு அப்படி நடப்பதில்லை. இது ஒலியும் பிறப்பும் தாண்டிய மூன்றாவது தேர்வு: மேடை.

மேடையில் இவர்கள் காட்டும் கைமுத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்டலின் கொம்பு முத்திரையைப் பரப்பியவர் 1979இல் சபாத்தில் சேர்ந்த ரோனி ஜேம்ஸ் டியோ. இத்தாலிய வம்சாவளிப் பாட்டி கண் திருஷ்டி கழிக்கக் காட்டிய சைகை அது என்பார். பேபிமெட்டல் பிள்ளைகளுக்கு இந்த முத்திரையைக் கற்பித்தபோது அவர்கள் சுவரில் நிழல் காட்டும் நரியாகப் புரிந்துகொண்டார்கள்; நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலைத் தொட, மற்ற இரண்டும் காதுகளாக நிமிர்ந்தன. அதையே வைத்துக்கொண்டு, நரி தெய்வம் தங்களை ஏவுகிறது என்று கதையும் கட்டினார்கள். பரதநாட்டியம் பயின்றவர்கள் பார்த்தவுடன் சொல்வார்கள், இது சிம்மமுக முத்திரை என்று. டோக்கியோவில் நரி, தஞ்சாவூரில் சிங்கம். கொம்பிலும் நரியிலும் மடங்கும் விரல்கள் நடுவிரலும் மோதிர விரலும்தான். பர்மிங்ஹாம் ஆலையில் ஐயோமி நுனி இழந்த அதே இரண்டு. தற்செயல்தான். எனக்கு மறக்க முடியாத தற்செயல்.

2023இல் மொமோகோ ஒகசாகி மூன்றாமவராகச் சேர்ந்தார். 2025 ஆகஸ்டில் வந்த 'மெட்டல் ஃபோர்த்' அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் ஒன்பதாம் இடம் பிடித்தது. ஜப்பானியர் மட்டுமே உள்ள ஒரு குழு முதல் பத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை. அந்த ஆல்பத்தில் விருந்தினர் பட்டாளமே உண்டு. அவர்களில் ஒன்று புதுதில்லியின் ப்ளட்டிவுட். டோல் என்ற பஞ்சாபி மேளமும் பாங்ரா தாளமும் மெட்டல் கிதாரும் கலந்து வாசிக்கும் அந்தக் குழுவைப் பார்த்தும் 'இது மெட்டலா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதன் கிதார் கலைஞர் கரண் கட்டியார் இன்னொரு கருவியையும் கையோடு மேடைக்கு எடுத்து வருவார்: புல்லாங்குழல்.